மாற்று வேட்பாளர்

செவிலிமேடு முனையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ரேணுகாம்பாளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பல் டாக்டரிடம் போய்விட்டு ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது படம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் கட்சித் துண்டு. செத்துப்போன புருஷன் அப்பாதுரை ஊரையே கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். கீழே சிவப்பு எழுத்தில், 'மறைந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், பெண்கள் பள்ளி தந்த வள்ளல், ஐயா அப்பாதுரை அவர்களின் திருவுருவப் படத்திறப்பு விழா.' அதற்கும் கீழே மகன் இளவரசன், செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, அப்பாவைவிடக் கொஞ்சம் சின்னதாக.

காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். ரேணுகாம்பாள் திட்டினாள். டிரைவர் காதில் விழும்படியே திட்டினாள்.

"அடப்பாவி மனுஷா! செத்தும் உடமாட்டியா?"

"இன்னாம்மா?" என்று டிரைவர் திரும்பினான்.

"உன்ன இல்லப்பா. நீ ஓட்டு."

விஷயம் இதுதான். அந்தத் தொகுதிக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எம்.எல்.ஏ.வாக இருந்தவள் ரேணுகாம்பாள். அப்பாதுரை ஒரு நாள்கூட எம்.எல்.ஏ.வாக இருந்ததில்லை. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நடந்த கூத்து அப்படி.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்சி சீட்டுக் கொடுத்தது அப்பாதுரைக்குத்தான். மாகறலில் நிலம் நீச்சு, கூடவே அரசாங்க ரோடு கான்ட்ராக்ட், கையில் ஜீப். மனுத் தாக்கல் அன்று எல்லாக் கட்சிக்காரனும் செய்கிற மாதிரி மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் மாற்று வேட்பாளராக ஒரு மனு போடவைத்தார். டம்மி என்பார்கள். பெரிய மனு செல்லுபடியாகிவிட்டால் டம்மியை யாரும் சீந்த மாட்டார்கள். அதனால்தான் பெண்டாட்டியையோ மச்சானையோ நிறுத்துவார்கள். பரிசீலனை அன்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அரசாங்கத்தோடு கான்ட்ராக்ட் வைத்திருக்கிறவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டத்தைக் காட்டிவிட்டான். அப்பாதுரை மனு தள்ளுபடி. வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் வேட்பாளர்!

அதற்குள் சுவரெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல்வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'உங்கள் அப்பாதுரை'. எவன் மறுபடி சுண்ணாம்பு அடிப்பான்? இடம் இருந்த சுவரில் பெயருக்கு முன்னால் 'ரேணுகாம்பாள்' என்று பொடி எழுத்தில் நுழைத்தார்கள். இடம் இல்லாத சுவரில் அதுவும் இல்லை. ஜீப்பில் நின்று கும்பிட்டவர் அவர். ஜனங்கள் சின்னத்தைப் பார்த்துக் குத்தினார்கள். ஜெயித்ததும் மாலை அவர் கழுத்தில் விழுந்தது, அவரும் கழற்றவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. கலெக்டர் ஆபீஸில் அவருக்கு நாற்காலி, இவளுக்குச் சுவரோரத்து பெஞ்சு. காரில் அவர் முன் சீட்டு, இவள் பின் சீட்டு. கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அவர் பெயருக்குப் பின்னால்தான் எம்.எல்.ஏ. மனுக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று "எம்.எல்.ஏ. ஐயா இருக்காருங்களா?" என்று எம்.எல்.ஏ.விடமே கேட்பார்கள். உள்ளே போய் அவரை எழுப்பிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போடுவாள் அவள். இதையெல்லாம்கூட ரேணுகாம்பாள் பொறுத்துக்கொண்டாள். கூடத்தில் சண்டை போடாமல் சமையலறையில் போட்டாள். "நீ வேற நான் வேறயா?" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இளவரசன் ஹாலில் நடந்துகொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தான். "மாவட்டம் கண்டிப்பா வராருப்பா. அவரே படத்தைத் தொறக்கறாரு" என்றான் யாரிடமோ. கட்சியின் மாவட்டச் செயலாளரை அவர்கள் 'மாவட்டம்' என்றே சொல்வார்கள். ஒரு மாவட்டமே கிளம்பி வரப்போகிற மாதிரி இருக்கும் கேட்கிறவர்களுக்கு.

"இளவரசு, அது இன்னாடா போர்டு?"

"எதும்மா?"

"முனையில நிக்கிறாரே உங்கப்பா. எப்பலேர்ந்துடா அவரு எம்.எல்.ஏ.?"

அவன் போனை அணைத்தான். "ம்மா, ஆரம்பிக்காத. நாப்பது வருஷமா ஊரே அப்டிதான் சொல்லிக்கினு இருக்குது. இப்பப் போயி இல்லன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே! சிரிச்சா அவங்க பல்லு கொட்டிடுமா?"

"பென்ஷன் உன் பேர்லதானே வருது? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அது போதாதா?"

"போதாது."

சமையலறையிலிருந்து மருமகள் ரேவதி எட்டிப் பார்த்தாள். பேச்சை மாற்றுவதற்காக, "அத்தை, பல்லு எப்டி இருக்குது?" என்றாள்.

"இருக்குது. யாரையாவது கடிக்கலாமான்னு பார்த்துக்கினு இருக்கேன்."

இளவரசன் அம்மாவைக் கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். குரலைத் தணித்தால் ஏதோ வேலை ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்பனும் அப்படித்தான்.

"ம்மா, கேளு. பொண்ணுங்க ஸ்கூலுக்கு அப்பா பேரை வெக்கணும்னு மாவட்டம் மேடையிலயே சொல்லப்போறாரு. மேல சொல்லி முடிச்சிக் குடுக்கறது அவரு பொறுப்பு. அந்தச் சூட்டோட எனக்கு சீட்டுப் பேச்சையும் எடுக்கறேன்னிருக்காரு. வர்ற எலெக்‌ஷன்ல நான் நிக்கணுமா வேணாமா, நீயே சொல்லு. முன்னாள் எம்.எல்.ஏ. அப்பாதுரை மகன்னாதான் எடுபடும்."

"ரேணுகாம்பாள் மகன்னா எடுபடாதா?"

அவன் போனைப் பார்த்தான்.

"நல்லா கேட்டுக்கோ. மாலை, நாற்காலி, காரு, பத்திரிகை, எல்லாத்தையும் அவரே எடுத்துக்கினு போவட்டும். அந்த ஸ்கூலு மேல மட்டும் அவர் பேரை எழுதினீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன். ஆமா."

அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்தாலே சங்கரி நினைவு வந்துவிடும்.

அப்பாதுரையால் நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. சட்டமன்றம். அங்கே அவர் மேலே பார்வையாளர் மாடத்தில்தான் உட்கார முடியும். அங்கிருந்தும் மனுஷன் விடவில்லை. ஏற்பாடு இப்படி: அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினால் இவள் கை தூக்க வேண்டும், எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். மாற்றாவிட்டால் கம்மென்று இருக்க வேண்டும். மூன்று வருஷம் இந்தத் துண்டுக் கூத்து நடந்தது. கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாளில் மாகறல் பக்கத்துப் பெண்களுக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்தது. மேலே படிக்க ஆற்றைத் தாண்டிப் போகவேண்டும். எந்த அப்பன் அனுப்புவான்? பக்கத்து வீட்டுச் சங்கரியை எட்டாவது முடித்த கையோடு கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியது ரேணுகாம்பாள்தான். பாவாடை தாவணியில் பார்த்த உடம்புக்குப் புடவை சுற்றத் தெரியாமல் சுற்றி அனுப்பினாள். மறுநாள் சபையில் கல்வி மானியக் கோரிக்கை விவாதம். மேலே அப்பாதுரை துண்டைத் தொடவில்லை. ரேணுகாம்பாள் எழுந்தாள்.

"எங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் கிடையாது. அதனால கட்டிக் குடுத்துடறோம். நேத்து ஒருத்தியைப் பொதைச்சிட்டு வந்திருக்கேன். அமைச்சர் பள்ளிக்கூடம் குடுக்கறாரா, இல்ல இன்னும் எத்தினி பேரைப் பொதைக்கணுமான்னு இப்பவே சொல்லட்டும்."

பின் வரிசையிலிருந்து ஒரு உறுப்பினர், "அம்மாவுக்கு யாரு எழுதிக் குடுத்தது?" என்றான். சபை சிரித்தது.

"எழுதிக் குடுக்கறவரு மேல உக்காந்திருக்காருய்யா. அவரு இன்னும் துண்டைத் தொடல" என்றாள் அவள்.

அதற்கு வந்ததே ஒரு சிரிப்பு! எல்லாக் கட்சிக்காரனும் தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தான். அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் அமைச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஒப்புக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது காரில் அப்பாதுரை முன் சீட்டிலிருந்து திரும்பினார். "மானத்தை வாங்கிட்ட இல்ல?" என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறந்தபோது ரிப்பன் வெட்டியது அவர். கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது எம்.எல்.ஏ. அடுத்த தேர்தல் வந்ததும் கட்சி ஆபீஸில் போய், "அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், படுத்த படுக்கையா இருக்கா" என்று சொல்லிவிட்டு அவரே சீட்டுக் கேட்டார். அன்றைக்கு ரேணுகாம்பாள் வயலில் நடவு பார்த்துக்கொண்டிருந்தாள். கட்சி இரண்டு பேருக்கும் கொடுக்காமல் மூன்றாவது ஒருத்தனுக்குக் கொடுத்தது. அவள் அரசியல் அதோடு சரி. அவர் மட்டும் சாகிறவரைக்கும் எம்.எல்.ஏ.

மறுநாள் சாயங்காலம் துக்கம் விசாரிக்க மரியம்மாள் வந்தாள். மாகறல் காலனிப் பெண், இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். அப்பாதுரை போட்டோவைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

"எட்டாவதோட நின்னு மாடு மேய்ச்சிக்கினு கிடந்தேன்மா. ஐயா ஸ்கூல் கொண்டாந்தாரு. மொத செட்டே நாங்கதான். ஐயா இல்லன்னா நான் இன்னிக்கு நர்சு இல்ல. அவரு நல்லா இருக்கணும்னு வேண்டாத நாள் இல்லம்மா."

கட்சிக்காரன் பொய் சொல்வான், அவனுக்கு அதுதான் பிழைப்பு. மகன் பொய் சொல்வான், அவனுக்கு சீட்டு வேண்டும். இவளுக்கு என்ன வந்தது? இவள் பொய்யும் சொல்லவில்லையே, மனசாரச் சொல்கிறாளே!

"மரியம்மா, அந்த ஸ்கூலைக் கொண்டாந்தது நான்."

"ஆமாம்மா. ஐயா வேற நீங்க வேறயா?"

"வேற! நான் வேற, அவரு வேற. ஓட்டுல ஜெயிச்சது நான். சபையில கேட்டது நான். அவரு மனு அன்னிக்கே தள்ளுபடி."

மரியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். கையை மெல்லப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி தடவிக் கொடுத்தாள். எழுந்து போகும்போது வாசலில் ரேவதியிடம் தணிந்த குரலில், "அதிர்ச்சிம்மா. சில பேருக்கு இப்டி ஆவும். தனியா உடாதீங்க, தூக்கம் வருதான்னு பாத்துக்கோங்க" என்று சொன்னது ரேணுகாம்பாள் காதில் நன்றாகவே விழுந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ரேவதி தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "எடுத்துக்கினு போ" என்றாள். கோபத்தில் பசிக்கவில்லை.

விழாவன்று காலையில் இளவரசன் அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்தான். "ம்மா, நீ மேடைக்கு வர வேணாம். ஒரு வார்த்தை பேச வேணாம். முன் வரிசையில உக்காந்தா போதும். எனக்காகம்மா."

"ஸ்கூல் பேரை எடுக்கச் சொல்லிட்டியா?"

"மாவட்டம் பேசறதை நான் எப்டிம்மா மாத்த முடியும்?"

"அப்ப நான் பேசறதையும் உன்னால மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து புடவை மாற்றப் போனாள்.

காஞ்சிபுரம் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கட்சிக்காரர்கள் பாதி, மாகறலிலிருந்து வேன் வைத்து அழைத்து வந்தவர்கள் பாதி. மாவட்டம் கயிற்றை இழுத்தார், திரை விலகியது, கைதட்டல். தங்க பிரேமுக்குள் அப்பாதுரை. கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் பதவியும். கழுத்தளவு சந்தன மாலை. ரேணுகாம்பாள் முன் வரிசையில் ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஒவ்வொருத்தனாக வந்து அளந்தான். ஐயா ஏழை பங்காளர், ஐயா கைசுத்தம். அளக்கட்டும் என்று விட்டாள். பிறகு விழாவை நடத்திக்கொண்டிருந்த பேச்சாளர் திருஞானசம்பந்தம் மைக்கைப் பிடித்தார். வெண்கலத் தொண்டை, முன்னால் இருக்கிறவர்களை அழவைக்கத் தெரிந்தவர்.

"அன்றைக்குச் சட்டமன்றத்திலே நம் ஐயா சிங்கம்போல எழுந்து நின்றார்! 'நேற்று ஒரு பெண்ணைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் எத்தனை பேரைப் புதைக்க வேண்டும்?' என்று கேட்டார்! சபையே கண் கலங்கியது! அந்த ஐயாவின் பெயரைப் பள்ளிக்குச் சூட்ட மாவட்டம் அவர்கள் முன்வந்திருக்கிறார்கள் என்பதை..."

கைதட்டலில் மீதி கேட்கவில்லை. பதவியை எடுத்தார்கள், சரி. பள்ளிக்கூடத்தை எடுத்தார்கள். இப்போது சங்கரியையும் எடுத்து அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டார்களே! அவளைத் தூக்கிய அன்று அப்பாதுரை கான்ட்ராக்ட் பில் பாஸ் பண்ண மெட்ராஸுக்கு முன்னாலேயே போய்விட்டார். சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"இப்போது," என்று திருஞானசம்பந்தம் குரலை இறக்கினார், "மறைந்த நமது முன்னாள் சட்டமன்ற உறுப்பினருக்காக, எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. மண்டபமே எழுந்து தலையைக் குனிந்தது. ரேணுகாம்பாள் எழுந்திருக்கவில்லை.

"அத்தை, எழுந்திருங்க" என்று ரேவதி முழங்கையைப் பிடித்தாள். அவள் கையை உதறினாள்.

"உக்காருங்க எல்லாரும்!" மைக் தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதி. "இந்தத் தொகுதி முன்னாள் எம்.எல்.ஏ. இன்னும் சாகல. உயிரோட இங்க உக்காந்துக்கினு இருக்கேன். எனக்கா மௌன அஞ்சலி?"

ஆண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தான். திருஞானசம்பந்தம் மைக்கில், "அம்மா துக்கத்தில் இருக்கிறார்கள், தயவுசெய்து..." என்று ஆரம்பித்தார்.

"துக்கமில்லய்யா. கோவம்! வயிறெரியுது எனக்கு. ஜெயிச்சவ நான். அதோ மாலை போட்டுக்கினு நிக்கிறாரே, அவரு மனுவே செல்லல. பொதைச்சிட்டு வந்தேன்னு சபையில சொன்னவ நான். எங்க பக்கத்து வூட்டு சங்கரிய. கொழந்தை வெளிய வரல, ரெண்டு உயிரும் போச்சு. தலைக்கு ஊத்தி, புடவை சுத்தி அனுப்பினவ நான். அந்த சாவு வூட்ல இவரு எந்த மூலையில இருந்தாரு? மாகறல்லேர்ந்து வந்திருக்கீங்களே, பார்த்தவங்க சொல்லுங்க. அன்னிக்கு சங்கரிக்கு இன்னா வயசுன்னாவது இந்தப் படத்தைக் கேளுங்க. சொல்லுதா பாப்போம்!"

பெண்கள் பக்கத்தில், நடு வரிசையில் மரியம்மாள் தலையைத் தூக்கினாள். சங்கரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டாவதுவரை படித்தவள் அவள். சாவு வீட்டில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்தச் சாவையும் பள்ளிக்கூடம் வந்ததையும் சேர்த்து அவள் யோசித்ததில்லை. ரேணுகாம்பாளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் நின்றவள் உட்கார்ந்தாள். அந்த வரிசை உட்கார்ந்தது. மாகறல் பெண்கள் மொத்தமாக உட்கார்ந்தார்கள். ரேவதி கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆண்கள் நின்றார்கள். உட்காரலாமா கூடாதா என்று மாவட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாவட்டம் செல்போனைப் பார்த்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி அதைக் காதில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனார். வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

இளவரசன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"போச்சும்மா! சீட்டும் போச்சு, மானமும் போச்சு. திருப்திதானே உனக்கு? இவ்ளோ பேர் முன்னால அப்பாவ ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டியே. நீ எம்.எல்.ஏ.ன்னா, அப்ப அப்பா யாரும்மா?"

ரேணுகாம்பாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்.எல்.ஏ. வூட்டுக்காரரு" என்றாள். "அந்தத் தகட்டைக் கழட்டிட்டு அதை எழுதச் சொல்லு."